ஐயாற்றுக் கணக்கைச் சரிபார்க்க மலையேறியது

ராசிபுரத்தை விட்டு இரண்டு மைல் வருவதற்குள் பஸ் மூன்று முறை நின்றுவிட்டது. யுத்தம் வந்து பெட்ரோல் கிடைக்காமல் போனதிலிருந்து எங்கள் பக்கத்துப் பஸ்கள் எல்லாம் கரியில்தான் ஓடுகின்றன. வண்டியின் முதுகில் ஓர் இரும்பு உருளை இருக்கும். அதில் அடுப்புக் கரியைக் கொட்டி, கிளீனர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அனல் மூட்டுவான். வண்டி கிளம்பும். மேடு கண்டால் மூச்சை விட்டுவிடும். மூன்றாவது தடவை ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். எனக்குப் பக்கத்தில் தோள் கொடுத்துத் தள்ளிய வெற்றிலை வியாபாரி மூச்சிரைப்புக்கு நடுவே விசாரித்தார்.

"ஏனுங்க தம்பி, எதுவரைக்கும்?"

"கொல்லிமலைக்குங்க."

"போயிட்டுப் பொழுதோட எறங்கீருவீங்களா?"

"ஒரு மாசம் தங்கணுமுங்க."

அவர் தள்ளுவதை நிறுத்திவிட்டார். "ஏன் சாமி, ஊட்ல சண்டையா?"

பின்னால் தள்ளியவர்கள் சிரித்தார்கள். சிரிப்பில் கை தளர்ந்து பஸ் ஒரு முழம் பின்னுக்கு வந்தது. அவர் கேட்டதில் தப்பில்லை. மலைக் காய்ச்சலுக்குப் பயந்து கீழ்நாட்டார் யாரும் கொல்லிமலையில் பொழுது சாய்ந்த பிறகு நிற்பதில்லை. என் பையிலும் ஆபீசில் கொடுத்த கொயினா மாத்திரைப் புட்டி ஒன்று கிலுகிலுத்துக்கொண்டிருந்தது.

"ஆத்துல எவ்வளவு தண்ணி வரும்னு முன்கூட்டியே சொல்ற கணக்கு ஒண்ணு இருக்குதுங்க. அது சரியா தப்பான்னு பாக்கப் போறேன்" என்றேன்.

"அதுக்கு ஆத்துக்கல்ல போகோணும்? மலைக்கு எதுக்கு?"

அவருக்குச் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்லிவிடுகிறேன்.

கொல்லிமலையின் உச்சிப் பள்ளங்களில் ஊறி, அருவியாக விழுந்து, மலையின் கிழக்கே இறங்கி வருகிற ஐயாறுதான் எங்கள் ஊருக்குச் சோறு போடுகிறது. அடிவாரத்தில் ஆற்றுக்குக் குறுக்கே மரக்கொம்பு நட்டு, தழை அடைத்து, மண் கொட்டி ஒரு தடுப்பு வைத்திருக்கிறோம். கொரம்பு என்போம். அது தண்ணீரை மறித்து வாய்க்காலுக்குத் திருப்பும். கொரம்பு கட்டி முடிக்க ஊரே எட்டு நாள் பாடுபட வேண்டும். பெருவெள்ளம் வந்தால் கொரம்பின் நடுவை முன்னதாகவே வெட்டிவிட வேண்டும். வெட்டாவிட்டால் வெள்ளம் அதில் முட்டி ஏறி, பக்கத்துக் கரையை உடைத்துக்கொண்டு வயல்களுக்குள் புகுந்துவிடும். வெட்டியும் வெள்ளம் வராவிட்டால் வாய்க்கால் காய்ந்து, சம்பாப் பயிர் வாடும்.

இதற்காகத்தான் எங்கள் பாசன ஆபீசில் ஒரு பட்டியல் போட்டார்கள். மலையில் ஒரு நாள் இத்தனை அங்குலம் மழை பெய்தால், அத்தனை மணி நேரம் கழித்து, கொரம்பருகே ஆறு இத்தனை அடி ஏறும் என்று பக்கம் பக்கமாகக் கணக்கு. போன ஐப்பசியில் அந்தப் பட்டியலைப் பார்த்து இரண்டு தடவை 'வெட்டுங்கள்' என்று சேதி அனுப்பினோம். வெட்டினார்கள். வெள்ளம் வரவில்லை. மூன்றாம் தடவை பட்டியல் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளம் வந்தது. வடகரையில் பாதி வயல்களை மணல் மூடியது. அதில் ஒன்றேகால் ஏக்கர் என் அப்பாவுடையது. அந்தக் கோடை முழுக்க அவர் கூடையில் மணல் சுமந்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நான் வேலை பார்க்கும் ஆபீஸ் அனுப்பிய சேதி, என் வயலிலேயே மணலாய்க் கிடந்தது.

மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு இங்கிலீஷில் சொன்னதன் சாரம் இது: "பட்டியலை நம்பலாமா, கூடாதா? மாதக் கடைசியில் எனக்கு ஒரே வார்த்தையில் பதில் வேண்டும். கூடாது என்றால் அதை அலமாரியில் பூட்டிவிடுவோம். இனி யாருக்கும் எந்தச் சேதியும் போகாது." மலையில் தங்க ஆள் கேட்டபோது ஆபீசில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் போகிறேன் என்றேன்.

முதல் நாள் ஏறியே தீர்ந்தது. வாழைத்தார் இறக்கிவிட்டு வெறுங்கையோடு திரும்பிய மலைக்காரர் நான்கு பேர் என் பெட்டியையும் மழைமானியையும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டார்கள். தண்டி தண்டியாய்ப் படி மாதிரிக் கற்கள். எங்கள் ஊரில் நான் வேகமாக நடப்பவன் என்று பேர். இங்கே ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்காக உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். "கீழ்நாட்டுக் காலு சமதரைக்குத்தானுங்க ஆவும்" என்று ஒருவர் ஆறுதல் சொன்னார்.

சோளக்காட்டில் சந்தை கூடியிருந்தது. மலைவாழை, கமலா ஆரஞ்சு, தேன், மொச்சை. விற்பவர்கள் அத்தனை பேரும் மலைக்காரர்கள். வாங்குகிற அத்தனை பேரும் பொழுதோடு கீழே இறங்கிவிட வேண்டிய அவசரக்காரர்கள். அந்த அவசரத்தில்தான் விலை படிகிறது. சந்தைத் திடலின் ஓரத்தில் கம்பி வேலிக்குள் ஆபீஸின் மழைமானி நின்றது. காலை எட்டு மணிக்கு அதை அளந்து எழுதுகிற கடைக்காரரிடம் நான் முதல் நாளே மரியாதை கெட்டுப் போனேன். தப்பு அளவில்தான் இருக்கும் என்று முன்பே முடிவு கட்டிக்கொண்டு வந்தவன், அவருடைய நோட்டை விரித்து வைத்துக்கொண்டு குறுக்கு விசாரணை செய்தேன்.

"எல்லா நாளும் எட்டு மணிக்குத்தான் அளந்தீங்களா?"

"ஆமாங்க."

"காய்ச்சல் வந்த நாள்கூடவா?"

"எனக்குக் காய்ச்சல்னா மழைக்கும் காய்ச்சலுங்களா? போர்வையப் போத்திக்கிட்டு வந்து அளந்தேன். நம்பலீன்னா மழையவே கேட்டுக்கங்க."

மூன்று நாள் அவர் வருமுன் நானும் திருட்டுத்தனமாக அளந்து பார்த்துவிட்டுத் திரும்ப ஊற்றி வைத்தேன். மயிரிழை தப்பவில்லை. நான்காம் நாள் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒரு ஆரஞ்சை உரித்துக் கையில் கொடுத்தார், அவ்வளவுதான்.

சோளக்காடு மலையின் மேற்கு விளிம்பு. ஆறு ஊறுவது உள்ளே. ஆகவே நான் கொண்டுவந்த மழைமானியை உள்ளே, வாசலூர்பட்டிப் பள்ளத்தில் நட்டேன். பெரியண்ணன் என்கிற விவசாயியின் வீட்டில் தங்க இடம் கிடைத்தது. அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். மனைவி பெயர் நல்லம்மாள். புல் வேய்ந்த வீடு, மெழுகிய தரை, நடுவில் அணையாத கணப்பு. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் முதல் நாள் தொண்டையில் இறங்க மறுத்தன. கீழே நாங்கள் ரேஷனில் வாங்கும் புழுங்கலரிசியில் கல் பொறுக்கியே பாதிச் சாப்பாடு ஆறிவிடும். இந்தச் சாமையில் கல் இல்லை, மண்ணெண்ணெய் நாற்றம் இல்லை. மூன்றாம் நாள் நானே இரண்டாம் தடவை கேட்டேன். "சாமி தேறிக்கிச்சு" என்றார் நல்லம்மாள்.

வாழைத்தார் சுமக்கிறவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் கிழக்கு வழியாகக் கீழே எங்கள் ஊர்ப் பக்கம் போய் வந்தார்கள். கொரம்பருகே அடி அடியாகக் கோடு போட்ட அளவுக்கல்லில் தண்ணீர் எத்தனையாவது கோட்டில் நின்றது என்று பார்த்துவந்து எனக்குச் சொன்னார்கள். நான் நோட்டில் மூன்று பத்தி போட்டேன். மழை எவ்வளவு, பட்டியல் சொன்னது எவ்வளவு, ஆறு ஏறியது எவ்வளவு.

இரண்டாம் வாரம் ஒருநாள் பகலெல்லாம் கொட்டியது. என் மழைமானியிலும் சோளக்காட்டு மழைமானியிலும் ஏறக்குறைய ஒரே அளவு. பட்டியல்படி ஆறு ஐந்தடி ஏற வேண்டும். சுமைக்காரர் வந்து, "ஒரு கோடு ஏறுச்சுங்க. அதுவும் அரைக்கோடுன்னே சொல்லலாம்" என்றார். பெருக்கல் வகுத்தல் எல்லாம் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பிசகில்லை. கொயினா தின்று காது இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலோடு வாசலில் உட்கார்ந்து, வீட்டை ஒட்டி ஓடிய ஓடையைப் பார்த்தேன். அத்தனை மழைக்கும் அந்த ஓடை கணுக்காலுக்கு மேல் ஏறவில்லை.

"இவ்வளவு மழை பேஞ்சுதே, தண்ணி எங்கீங்க போச்சு?" என்று பெரியண்ணனைக் கேட்டேன்.

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். "வுட்டாத்தானுங்க போவும்?"

"யாரு வுடணும்?"

"நாங்கதான்."

என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளத்தின் மேட்டில் நிறுத்தினார். பத்து நாளாக அந்த வழியே நடந்திருக்கிறேன், அன்றுதான் பார்த்தேன். பள்ளம் முழுக்கப் படிப்படியாக நெல் வயல்கள். ஒவ்வொன்றுக்கும் கல் வைத்துக் கட்டிய இடுப்பளவு வரப்பு. ஒவ்வொரு வரப்பிலும் ஒரு மடைவாய், வாழைமட்டையும் புல்கட்டியும் திணித்து அடைத்தது. பயிரின் காலை நனைத்தபடி தண்ணீர் தேங்கி நின்றது. எண்ணத் தொடங்கி நூறோடு விட்டுவிட்டேன். இப்படி இன்னும் நாலைந்து பள்ளங்கள் உண்டாம். பெய்த மழையை எல்லாம் இந்த வயல்கள் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றன.

"வரப்பு நெறஞ்சுபோனா?"

"தொறந்துருவோமுங்க. ஆனா தனியா ஒருத்தன் தொறக்கப்படாது. மேல் வயக்காரன் தொறந்தா கீழ் வயக்காரன் வரப்பு பேந்துக்கும். ஊர்க்கவுண்டரு சொல்லோணும். சொன்னா மறுநா விடிஞ்சு எல்லாரும் தொறக்கோணும். கீழ் வயல்ல ஆரம்பிச்சு மேல வருவோம்."

ஆபீஸ் பட்டியல் போட்டவர்கள் இந்தப் பள்ளத்தில் கால் வைத்ததே இல்லை. காய்ச்சலுக்குப் பயந்து சோளக்காட்டு விளிம்போடு திரும்பியவர்கள், மலை என்றால் பாறையும் காடும் என்று நினைத்துக்கொண்டு, விழுந்த மழை வழுக்கிக்கொண்டு ஆற்றுக்கு ஓடிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். நூற்றுக்கணக்கான வயல்களின் வாய் எப்போது மூடும், எப்போது திறக்கும் என்பதற்கு அதில் இடமே இல்லை.

கண்டுபிடித்தது போதாது, நிரூபிக்க வேண்டுமே. அன்று சாயங்காலம் பெரியண்ணனிடம் போன வருஷ ஐப்பசியில் எந்தெந்த நாள் மடை திறந்தார்கள் என்று கேட்டேன்.

"ஒரே தடவைதானுங்க. எங்க எருமை கன்னு போட்ட மறுநா."

"எருமை கன்னு போட்டது கார்த்திகையிலல்ல?" என்றார் நல்லம்மாள் கணப்பருகில் இருந்து.

"அது செவலை எருமை. இது காரி."

"காரி போட்டதும் கார்த்திகைதான். ஐப்பசில போட்டது பசு. கன்னு போட்டது உனக்கெங்க தெரியும்? சோளக்காட்டுச் சந்தைக்குப் போறேன்னு போயி ரெண்டு நாளு கழிச்சு வந்த ஆளு."

"சந்தைக்குப் போன அன்னிக்கா? அப்படின்னா..." பெரியண்ணன் விரல் விட்டு எண்ணினார். அது ஐப்பசியின் கடைசிச் சந்தை என்பதிலும், அதற்கு முந்தின நாள் மடை திறந்தார்கள் என்பதிலும் இருவரும் ஒத்துப்போனார்கள். மற்றதில் ஒத்துப்போகவில்லை. நான் நோட்டைப் புரட்டினேன். அந்தச் சந்தைக்கு முந்தின நாள்தான் எங்கள் வயலில் மணல் ஏறிய நாள். பட்டியல் பொய்யாக அலறிய இரண்டு நாட்களும் அதற்கு முன்னால் வருகிறவை. வயல்கள் வாய்மூடிக் குடித்துக்கொண்டிருந்த நாட்கள்.

அடுத்த நாளிலிருந்து நோட்டில் நாலாவது பத்தி போட்டேன். மலைக்காரர்கள் வரப்பு நிறைவதை விரலால் அளக்கிறார்கள். தண்ணீருக்கும் வரப்பு உச்சிக்கும் நடுவில் எத்தனை விரல் மீதி என்பதுதான் அவர்கள் கணக்கு. காலையில் மழைமானியைப் பார்த்துவிட்டு, ஐந்து வயல் வரப்புகளில் விரல் வைத்துப் பார்ப்பேன். பெண்கள் களையெடுப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "படிச்ச சாமி, எங்க வரப்புக்கு நாடி புடிக்குது" என்று ஒருத்தி சொல்ல, பள்ளம் முழுக்கச் சிரிப்பு எதிரொலித்தது. விரல் நிறைய மீதி இருந்த நாட்களில், பட்டியல் என்ன சொன்னாலும் ஆறு ஏறாது என்று எழுதி வைத்தேன். சுமைக்காரர் வந்து சொன்ன கோடு, அப்படி எழுதிய நாட்களில் ஒன்றைத் தவிர மற்றதற்கெல்லாம் ஒத்துப்போயிற்று. தப்பிய அந்த ஒரு நாளுக்குக் காரணம் இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு மூன்று நாள் அடைமழை. மூன்றாம் நாள் காலை மீதி இரண்டே விரல். பத்து மணிக்கு மழை விட்டது. வானம் கழுவி விட்டாற்போல வெளுத்தது. ஊர்க்கவுண்டர் பள்ளத்தைச் சுற்றி வந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். "நாளைக்கு விடிஞ்சு தொறங்கடா" என்றார்.

கீழே போன வருஷத்து அனுபவத்தில், 'இனி ஆபீஸ் சொல்லுக்குக் கொரம்பை வெட்டுவதில்லை' என்று ஊரார் தீர்மானமே போட்டிருந்தார்கள். இப்போது ஆபீஸே சேதி அனுப்பாது, மழை விட்டுவிட்டதே. பட்டியல்படி நாளை ஆறு ஏறாது.

"ஒரு நாளு தள்ளிப் போடுங்களேன். கீழ எங்க ஊருக் கொரம்பு இருக்குதுங்க" என்று கெஞ்சினேன்.

"ராவுக்கு இன்னொரு மழை புடிச்சா, உங்க கொரம்புக்காக எங்க வரப்பு ஒடையட்டுமா சாமி?"

"ரெண்டு மூணு நாளாப் பிரிச்சுக் கொஞ்சங் கொஞ்சமா..."

"யாருது மொதல்ல, யாருது அப்பறம்? அந்த வழக்கை நீ வந்து தீத்து வெப்பியா?" அவர் கோபமாகச் சொல்லவில்லை. "தண்ணி நாளைக்கு வாரது உறுதி. சொல்லணும்னா இப்பவே எறங்கு. பொழுது இருக்குது."

நல்லம்மாள் இலையில் களி உருண்டை கட்டிக் கொடுத்தார். கிழக்குப் பக்கமாக இறங்கினேன். ஏறியதைவிட இறங்குவது மோசம். அருவி இரைச்சலைக் கேட்டுக்கொண்டே, வழுக்கிய இடங்களில் உட்கார்ந்து நகர்ந்து, பொழுது மேற்கே சாய்கிற நேரத்துக்குக் கொரம்புக்கு வந்து சேர்ந்தேன். வாய்க்காலில் தண்ணீர் அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. வயலில் இருந்தவர்கள் கூடினார்கள். கொரம்பு வேலைக்குப் பொறுப்பான செல்லமுத்துக் கவுண்டர் வந்தார். எனக்கு மாமன் முறை. பின்னால் என் அப்பாவும் வந்து நின்றார்.

விஷயத்தைச் சொன்னேன். செல்லமுத்து மாமா வானத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"போன வருஷம் மழையக் காட்டி வெட்டுங்கன்னீங்க. வரல. இப்ப வெயிலக் காட்டி வெட்டச் சொல்றே. அடுத்த வருஷம் நெலாவக் காட்டுவியா கண்ணு?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"ஆபீஸ் காயிதம் என்ன சொல்லுது? அதச் சொல்லு."

பொய் சொல்லியிருக்கலாம். ஆபீஸே சொல்லச் சொன்னது என்று ஒரு வார்த்தை போதும். "ஆபீஸ் காயிதம் வராதுன்னுதானுங்க மாமா சொல்லுது. நாந்தான் வரும்ங்கறேன். மேல அத்தனை வயலும் நெறஞ்சு நிக்குது. எங்கையால அளந்து பாத்தேன். நாளைக்கு விடிஞ்சதும் தொறக்கறாங்க. பத்து மணிக்கு இங்க தண்ணி வந்துரும். ஆறடி ஏறும்."

"வரலீன்னா?"

"வரலீன்னா காயிதத்தையும் என்னையும் சேத்து அலமாரில பூட்டீருவாங்க."

யாரும் சிரிக்கவில்லை. வெட்டிவிட்டு வெள்ளம் வராமல் போனால் முதலில் காய்வது வாய்க்காலின் கடைமடை. எங்கள் ஒன்றேகால் ஏக்கர் அங்கேதான் இருக்கிறது. எல்லோரும் என் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. கொரம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெட்டறதுன்னா நடுவால வெட்டுங்க. ஓரத்துல வெட்டினாக் கரையும் சேந்து போயிரும்" என்றார்.

செல்லமுத்து மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். வெளிச்சம் இருக்கும்போதே நடுவில் நாலு ஆள் அகலத்துக்குக் கொம்புகளைப் பிடுங்கி எறிந்தார்கள். நானும் தண்ணீரில் இறங்கி மண் தள்ளினேன். எட்டு நாள் வேலை ஒன்றரை மணி நேரத்தில் பிளந்தது. வாய்க்காலில் தண்ணீர் இறங்கி, சேறு தெரிந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கே ஊர் ஆற்றங்கரையில் இருந்தது. பளீரென்று வெயில். ஒன்பது. பத்து. அளவுக்கல்லில் தண்ணீர் முதல் கோட்டுக்கும் கீழே. பதினொன்று. கம்மங்கூழ் கொண்டுவந்தவர்கள் குடித்து முடித்தார்கள். வாய்க்கால் சேறு மேலாகக் காயத் தொடங்கியது.

"தண்ணி கரி பஸ்ஸுல வருதாட்டம் இருக்குது" என்றான் ஒருவன். "மேட்டுல நின்னுக்கிச்சோ என்னமோ, போயித் தள்ளிட்டு வாங்கடா."

"படிச்ச புள்ளைக்கு ஆத்துலயும் டைம்டேபிளு" என்றான் இன்னொருவன்.

உச்சி திரும்பியது. அப்பா எழுந்து போய் வாய்க்காலின் வெறும் படுகையில் இறங்கிச் சேற்றைக் காலால் கிளறிப் பார்த்துவிட்டு வந்தார். நான் நோட்டைத் திறந்து கணக்கை மறுபடி போட்டேன். விடியும்போது திறந்தால் மூன்று மணி நேரத்தில் அருவி தாண்டும், அதற்கப்புறம் ஒரு மணி நேரம்... எங்கே தப்பு? அப்போதுதான் பொறி தட்டியது. கீழ் வயலில் ஆரம்பித்து மேலே போவார்கள் என்று பெரியண்ணன் சொன்னதை என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு படியாக மேலே போய்த் திறந்து முடிக்கவே பாதிப் பகல் ஆகாதா? முதலில் திறக்கிற ஒன்றிரண்டு வயலின் தண்ணீர் இங்கே ஆற்றில் தெரியுமா? எல்லா மடையும் ஒரே நொடியில் திறந்ததாகக் கணக்குப் போட்டிருக்கிறேன். பள்ளத்தில் கால் வைக்காத ஆபீஸ் ஆட்கள் ஒரு தப்புச் செய்தார்கள் என்றால், கால் வைத்துப் பார்த்துவிட்டு வந்த நான் இன்னொரு தப்பைச் செய்திருந்தேன்.

எழுந்து மாமாவிடம் போனேன். "நேரம் தப்பாப் போட்டுட்டனுங்க. இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும்."

"இப்பிடியே சாயந்திரம் வரைக்கும் சொல்லீட்டு இருப்பியா?"

"சாயந்திரம் வரைக்கும் வரலீன்னா கொரம்பை நானே கட்டறேன்."

அவர் கரையை விட்டு எழுந்து போகவில்லை.

இரண்டரை மணி இருக்கும். முதலில் வாசனைதான் வந்தது. வயல் சேற்று வாசனை. பிறகு தெளிந்த தண்ணீரில் சிவப்பாக ஒரு கோடு. வாழைமட்டைகள் மிதந்து வந்தன, ஒன்று, இரண்டு, அப்புறம் கூட்டமாக. மேலே இரைச்சல் கேட்டது. "ஏறுங்கடா, கரை ஏறுங்கடா" என்று மாமா கத்தினார். நுரை கட்டி, தழையும் சருகும் சுருட்டிக்கொண்டு, சுள்ளென்று அடிக்கிற வெயிலில் தண்ணீர் வந்து பிளவுக்குள் புகுந்தது. கொரம்பின் வடக்குத் தலையில் ஒரு பாகத்தைப் பிய்த்தது. இரண்டு கோடு, மூன்று, நாலு. நாலில் நின்றது. கரை நனைந்தது, உடையவில்லை. பொழுது சாய்கிற வரை ஒரே மட்டத்தில் ஓடியது.

ஒருவரும் கூத்தாடவில்லை. கரையில் நடந்து நடந்து எங்கே கசிகிறது என்று பார்த்து, கசிந்த இடத்தில் மண் போட்டார்கள். அப்பா இடுப்பளவு ஈரத்தோடு நின்று மண்வெட்டி கேட்டார். கொடுத்தேன்.

மறுநாள் காலை கொரம்படி மேட்டில் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். மேலதிகாரி கேட்ட ஒரு வார்த்தையில் அடங்கவில்லை. பட்டியல் மலையைப் பாறையென்று எண்ணிப் போட்டது என்றும், வயல்களின் மடையைச் சேர்க்காமல் அதை நம்பக்கூடாது என்றும், சேர்த்தால் அதைப் பூட்டி வைக்கக்கூடாது என்றும் எழுதினேன். எழுதி முடித்து ஊராருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். செல்லமுத்து மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"பத்து மணின்னு சொன்னியே, அத எழுதினியா?"

"எழுதியிருக்கறனுங்க. நாலரை மணி நேரம் தப்பு."

"ஆறடின்னியே?"

"நாலுதான் வந்துது. ரெண்டடி தப்பு. அதையும் எழுதிட்டேன்."

"மேல நாலஞ்சு பள்ளம்னு சொன்னே. நீ எத்தனை பாத்தே?"

"ஒண்ணுதானுங்க மாமா."

"அப்ப அதையும் எழுது. மீதி பாக்கலைன்னு எழுது." எழுதி முடிக்கும் வரை காத்திருந்தார். "போன வருஷத்துக் காயிதத்துல இப்பிடித் தப்பெல்லாம் எழுதினீங்களா?"

"இல்லீங்க."

கீழே ஆட்கள் புதுக் கொம்பு நடுவதற்குக் குழி தோண்டத் தொடங்கியிருந்தார்கள். மாமா அவர்களைப் பார்த்து, வடக்குத் தலையில் இன்னும் ஒரு முழம் தள்ளி நடும்படி குரல் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கொரம்பு எந்திரிக்க எட்டு நாளாவும். அதுக்குள்ள மீதிப் பள்ளத்தையும் பாத்துட்டு வந்து சொல்லு. மேல எப்ப ஏறுறே?"

"இன்னிக்கே ஏறுறனுங்க" என்று பையை எடுத்தேன்.